மல்லிகைக் குடும்பத்தில் ஒரு பெயர்: தெரிவு, எழுத்து, பதிவு

மல்லிகா, மாலதி, யூதிகா, யாஸ்மின், ஜஸ்மின், மௌவல். ஆறு பெயரும் ஒரே பூக்குடும்பத்துப் பிள்ளைகள். திருகோணமலையில் இந்தப் பெயர்களுக்கு மத வேலி கிடையாது. உவர்மலையில் மாலதி இருப்பாள், கிண்ணியாவில் யாஸ்மின் இருப்பாள், பாலையூற்றில் ஜஸ்மின் இருப்பாள். மூதூர்ப் பக்கம் ஓர் ஊரே மல்லிகைத்தீவு.

சிக்கல் பிறகுதான் வரும். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவதொன்று. இதில் முக்கால்வாசி, தெரிவு செய்யும் ஒழுங்கு பிழைப்பதால் வருவது. பஞ்சாங்கத்தில் முதலெழுத்தைப் பிடித்து, அதற்கொரு பெயர் தேடி, எண்சாத்திரக்காரர் சொன்னபடி ஓர் எழுத்தைக் கூட்டி, கடைசியில் பதிவாளரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு "ஆங்கிலத்தில் எப்படி எழுதுறது?" என்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒழுங்கை மாற்றிப் போடுங்கள்: முதலில் எந்தப் பூ, அடுத்து எந்த வடிவம், பிறகு மூன்று மொழி எழுத்து, கடைசியாகப் பதிவு.

எந்தப் பூ?

"எல்லாம் மல்லிகைதானே" என்று விட வேண்டாம். பூக்காரரிடம் போய் இலையோடு ஒரு கொப்பு வாங்கிப் பாருங்கள். மொட்டைவிட இலைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

மல்லிகைக்கு ஒரு காம்பில் ஒரே இலை. சற்று அகன்று, இரண்டிரண்டாகவோ மூன்று மூன்றாகவோ எதிரெதிரே நிற்கும். மொட்டு உருண்டு தடித்திருக்கும். இருவாட்சி, அடுக்குமல்லி என்பவை இதே செடியின் இதழ் கூடிய வகைகள். இதற்கு வடமொழியில் மல்லிகா என்று பெயர்.

முல்லையின் இலையை விரலில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய இலை, அதன் அடியில் இரு பக்கமும் காது மாதிரி இரண்டு குட்டி இலை. சில இலைகளில் அந்தக் காதுகள் இருக்காது. நாலைந்து இலையைப் பார்த்தால் ஒன்றிலாவது அகப்படும். பூ சின்னது, குழல் மெல்லியது. வடமொழியில் யூதிகா என்றால் இதுதான்.

பிச்சி அல்லது சாதிமல்லிக்கு ஒரு காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். மொட்டின் வெளிப்பக்கத்தில் இளஞ்சிவப்புச் சாயம் ஓடும். மாலதி, சுமனா இரண்டும் பெரும்பாலும் இந்தப் பூவையே குறிக்கும். சிங்களவர் மல்லிகையை 'பிச்ச' என்றும் 'சமன் பிச்ச' என்றும் சொல்வது இதே வட்டாரத்துச் சொற்கள்தான்.

பவளமல்லி இவற்றில் சேராது. இலை அரத்தாள் போலச் சொரசொரக்கும், பூக்காம்பு செம்மஞ்சள், விடியும்போது நிலத்தில் கொட்டிக் கிடக்கும். தூரத்து உறவு என்று சொல்லலாம், மல்லிகை இனமில்லை. பாரிஜாதம் என்று பெயர் வைக்க விரும்புகிறவர்கள் தாராளமாக வைக்கலாம், மல்லிகை என்று நினைத்து வைக்கக் கூடாது.

மாதவியும் அப்படித்தான். பூப்பெயர்தான், ஆனால் அது குருக்கத்திக் கொடி, வேறு குடும்பம். சிலப்பதிகாரத்தில் மாதவியும் இருக்கிறாள், மாலதி என்றொரு பார்ப்பனப் பெண்ணும் வருகிறாள். இரண்டு பெயரும் தமிழுக்கு நேற்று வந்தவையல்ல என்பதற்கு அது போதும்.

மூன்று வழி வந்த பெயர்கள்

வடமொழி வழி: மல்லிகா, மாலதி, யூதிகா, சுமனா. வடமொழியில் 'ஆ'வில் முடியும் பெண்பாற் சொல் தமிழுக்குள் வந்தால் 'ஐ' ஆகும். சீதா சீதையாகும், மல்லிகா மல்லிகையாகும். அதனால் மல்லிகை என்றால் பூ, மல்லிகா என்றால் ஆள் என்று நம் வழக்கில் தானாகவே பிரிந்துவிட்டது. பௌத்த மரபில் கோசல மன்னன் பசேனதியின் அரசி பெயர் மல்லிகா. பூமாலை கட்டுபவரின் மகள். சிங்களக் குடும்பங்களிலும் இந்தப் பெயர் இருப்பதில் வியப்பில்லை. மாலதி கடல் கடந்து இந்தோனேசியாவில் 'மெலாத்தி' ஆகி, அங்கும் பெண்பிள்ளைகளின் பெயராக இருக்கிறது.

பாரசீக வழி: 'யாசமன்' என்ற சொல் அரபியில் 'யாஸமீன்' ஆனது. அது ஐரோப்பாவுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ஜாஸ்மின் என்று திரும்பியது. ஆக யாஸ்மினும் ஜஸ்மினும் ஒரே சொல். ஒன்று அரபுக் கரையில் இறங்கியது, மற்றது ஐரோப்பியக் கப்பலில் வந்தது. ஜேர்மனியில் ஜஸ்மின் என்று எழுதினாலும் யாஸ்மின் என்றே வாசிப்பார்கள். அந்த மொழியில் 'ஜே' எழுத்துக்கு ய ஒலி. அங்கே உறவு உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எழுத்தைத் தெரிவு செய்யலாம்.

தமிழ் வழி: முல்லை, மௌவல், தளவம், பித்திகம், கொகுடி. ஐந்தும் குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் உள்ளவை. மௌவல் இப்போது பெண்பிள்ளைகளுக்கு வைக்கப்படுகிறது. தளவம் செம்முல்லை, அழைக்கவும் எழுதவும் சுலபம், ஏன் இன்னும் அதிகம் புழங்கவில்லை என்பது விளங்கவில்லை. பித்திகம் பெயராகக் கடினம். வீட்டில் 'பித்து' என்று சுருக்கிவிடுவார்கள்.

ஆண்பிள்ளைக்கும் இந்தக் குடும்பத்தில் இடமுண்டு. ஸ்ரீசைலத்துச் சிவனுக்கு மல்லிகார்ச்சுனர் என்று பெயர். கோணமலையைப் பாடிய சம்பந்தர், திருப்பருப்பதம் என்று பாடியது அந்த மலையைத்தான். திருக்கருகாவூரில் முல்லைவனநாதர். முல்லைவேந்தன், முல்லைவாணன் என்று புதிதாகவும் கட்டலாம். மல்லிகார்ச்சுனன் ஆங்கிலத்தில் நீண்டுபோகும் பெயர். அப்பாவின் பெயரும் நீளமென்றால் படிவத்தின் கட்டத்துக்குள் அடங்குமா என்று முதலில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூ என்று நினைத்து ஏமாறும் இடங்கள்

ஒரு 'ல்' விழுந்தால் பூவும் போய்விடும். மலிக்கா என்பது அரபியில் அரசி. மாலிகா என்பது வடமொழியில் மாலை. மூன்றும் நல்ல பெயர்தான். ஆனால் ஆங்கிலத்தில் ஒற்றை 'எல்' போட்டு எழுதிய மல்லிகாவை, தமிழ் தெரிந்த எழுதுநர் மாலிகா என்று வாசிப்பார், முஸ்லிம் எழுதுநர் மலிக்கா என்று வாசிப்பார். இரண்டு பேரிலும் பிழையில்லை. பிழை எழுதிக் கொடுத்தவருடையது.

ஜெசீமாவை ஜஸ்மினின் இன்னொரு வடிவம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அரபியில் வேறு வேர்; பெரியது, வலியது என்ற பொருள் வரும். நஸ்ரின் பூதான், ஆனால் காட்டு ரோஜா. ரெஹானா மணமுள்ள செடி, துளசி இனம்.

வீட்டில் கூப்பிடும் சுருக்கத்தையும் இப்போதே யோசியுங்கள். மல்லிகாவை எல்லோரும் 'மல்லி' என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழில் அது கொத்தமல்லி, அதோடு முடிந்துவிடும். சிங்களத்தில் 'மல்லி' என்றால் தம்பி. சிங்களப் பிள்ளைகளோடு விளையாடும் பெண்பிள்ளையை வாசலில் நின்று "மல்லி, உள்ளே வா" என்று கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மல்லிகா வைப்பதானால் 'மல்லு', 'மல்லிக்குட்டி' என்று வேறு ஏதாவது முதலிலிருந்தே பழக்குங்கள். மாலதிக்கு 'மாலா', யூதிகாவுக்கு 'யூதி' என்று சிக்கலில்லாமல் சுருங்கும்.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கு: மகத்துக்கு மா, மீ, மூ, மே. குறில் நெடில் பார்க்காமல் எடுத்தால் மல்லிகா, மாலதி, முல்லை மூன்றும் பொருந்தும். கேட்டைக்கு நோ, யா, யீ, யூ, யூதிகா சரி. சதயத்துக்கு கோ, சா, சீ, சூ, சுமனா சரி. வேறு நட்சத்திரமென்றால், சாதகப் பெயரை ஐயரிடம் காதில் ஓதுவதோடு வைத்துக்கொண்டு, அழைக்கும் பெயரை விருப்பப்படி வைக்கும் வழக்கம் இருக்கவே இருக்கிறது. எண்சாத்திரத்துக்காக ஆங்கில எழுத்தைக் கூட்டுவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். கடைசியில் இரட்டை 'ஏ', இடையில் ஒரு 'எச்' என்று போட்ட பெயரை, பிற்பாடு எழுதும் ஒவ்வோர் அதிகாரியும் தன் பழக்கத்தில் "திருத்தி" எழுதுவார்.

மூன்று மொழி எழுத்து

வேலையில் பாதி இங்கேதான். ஒரு தாளில் மூன்று வரி எழுத வேண்டும்: தமிழ், சிங்களம், ஆங்கிலப் பெரிய எழுத்து. பிறப்புப் பதிவு இங்கே பொதுவாகத் தமிழில் நடக்கும். ஆனாலும் சிங்கள வரியை இப்போதே தீர்மானிக்காவிட்டால், 15 வயதில் அடையாள அட்டை எடுக்கும்போது அதை யாரோ ஒருவர் ஊகித்து எழுதுவார்.

தமிழ் வரியில் முதலில் பார்க்க வேண்டியது மௌவல். கணினியில் 'ௌ' ஒரே குறி. அதற்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் தனித்தனியாகத் தட்டினாலும் திரையில் ஏறக்குறைய அதே உருவம்தான் தெரியும். கணினிக்கு அது 'மெ-ள-வ-ல்'. பெயரைத் தேடினால் அகப்படாது. ஒலிபெயர்த்தால் 'மெளவல்' என்று நாக்கு சுழிக்கும். சோதிப்பது சுலபம்: 'ௌ'வுக்கு அடுத்து சுட்டியை வைத்து அழிக்கும் விசையை ஒருமுறை தட்டுங்கள். 'ம' மட்டும் மிஞ்சினால் சரி. 'மெ' மிஞ்சினால் பிழை. பதிவகத்தில் தட்டச்சு செய்பவரிடம் இதைத் தயங்காமல் கேட்கலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் 'மவ்வல்' என்று எழுதுங்கள். அதுவும் தமிழில் ஒப்பிய வடிவம்தான்.

யாஸ்மினா, யாஸ்மீனா? அரபி ஒலிக்கு யாஸ்மீன் கிட்ட. வழக்கில் இரண்டும் உண்டு. ஜஸ்மின், ஜாஸ்மின், ஜெஸ்மின் மூன்றும் உண்டு. எது சரி என்று வாதாடுவதில் பயனில்லை. ஒன்றைப் பிடித்தால் விடக்கூடாது. ஆங்கிலத்தில் ஜஸ்மினுக்குக் கடைசியில் 'ஈ' எழுத்து உண்டா இல்லையா என்பதையும் சேர்த்தே முடிவெடுங்கள். அந்த ஒற்றை எழுத்து வித்தியாசத்துக்கு விசாக் கந்தோர்கள் சத்தியக் கடதாசி கேட்கும்.

மாலதியின் சிங்கள வரியில் ஒரு பொறி. தமிழில் ஒரே 'த'வைத் தாமரையிலும் எழுதுகிறோம், பாதியிலும் எழுதுகிறோம், ஒலி இரண்டு. சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. நம் வாயில் மாலதி பாதி மாதிரி மெதுவாக வருவதால், காதால் கேட்டு எழுதுபவர் அந்த எழுத்தைப் போட்டுவிடுவார். மாலதிக்குச் சேர வேண்டியது தாமரையின் 'த'. ஆங்கிலத்தில் நம் நாட்டு வழக்கப்படி 'டி-எச்' (TH) போடுங்கள். வட இந்தியர் வெறும் 'டி' (T) எழுதுவதைப் பார்த்து மாற்ற வேண்டாம், இங்கே அதை 'மாலட்டி' என்று வாசிப்பார்கள். முடிவில் 'ஐ' அல்லது 'வை' எதுவும் போடலாம்.

மல்லிகாவுக்கு எம்-ஏ-எல்-எல்-ஐ-கே-ஏ. இரட்டை 'எல்' கட்டாயம். கடைசியில் ஒரே 'ஏ' போதும். முல்லைக்கும் இரட்டை 'எல்'தான், ஆனால் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதுபவருக்கு அது ல-வா ள-வா என்று தெரியாது. தாளில் சிங்கள வரி இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

எழுதி முடித்ததும் சிங்கள வரியை மட்டும் கிழித்தெடுத்து, பெயரை முன்பு கேட்டிராத சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கில வரியை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நீங்கள் வைத்த பெயர் வந்தால் தாள் தயார். அதைப் படமெடுத்து அம்மா, அப்பா இருவரின் தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு

பிறப்பை 42 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது பிந்திய பதிவாகி, வெளிப்படுத்துகை, கூடுதல் ஆவணம் என்று அலைச்சல். துடக்குக் கழிவும் பெயர் வைப்பும் 31ஆம் நாள் செய்பவர்களுக்கும், ஏழாம் நாள் அகீகாவோடு பெயர் வைப்பவர்களுக்கும் இந்தக் காலம் போதும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவசரத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிப் பிறப்பென்றால், அந்த ஆஸ்பத்திரி இருக்கும் பிரிவின் பதிவாளரிடம்தான் பதிவு. நீங்கள் குடியிருக்கும் ஊர் கணக்கில்லை. மூதூரில் இருந்து வந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் பிள்ளை பெற்றவர்கள் ஊருக்குப் போய்ப் பதியலாம் என்று இருந்துவிட்டால் திரும்பவும் பட்டணத்துக்கு வர வேண்டும். வைத்தியசாலை அறிக்கை, பெற்றோரின் விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

பெயரை வாயால் சொல்ல வேண்டாம். தாளை நீட்டுங்கள். பதிவேட்டில் கையெழுத்து வைக்கிறவர் அறிவிப்பவர் என்ற முறையில் வைக்கிறார். அதன் பிறகு பிழைக்கு அவரும் பொறுப்பு. ஆகவே கையெழுத்துக்கு முன் எழுத்தெழுத்தாக வாசியுங்கள்: புள்ளி, கால், கொம்பு, ஆங்கில எழுத்து. பின்னால் நிற்கும் வரிசை கொஞ்சம் முணுமுணுக்கும், பரவாயில்லை. அப்பாவின் பெயர் எங்கே வருகிறது என்பதையும் பாருங்கள். நம் வழக்கில் அது முன்னால் வரும். படிவத்தைப் பார்ப்பவர் கடைசிப் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதால், வெளிநாட்டில் பிள்ளையின் பூப்பெயரே குடும்பப் பெயராகிவிடும். அதைத் தவிர்க்க அப்பாவின் பெயரைப் பின்னால் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் போட்டாலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் போடுங்கள்.

பிழை வந்துவிட்டால் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவுக்குப் போக வேண்டும். பட்டணத்துக்காரருக்கு அது பட்டணமும் சூழலும் பிரதேச செயலகம். பெயரைச் சேர்ப்பதும் மாற்றுவதும் ஒரு வகை விண்ணப்பம், எழுத்துப்பிழை திருத்துவது வேறொரு வகை. எது உங்களுக்கு என்று கேட்டு வாங்குங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் சேர முன்பே இதை முடித்துவிட வேண்டும். சேர்ந்த பிறகென்றால் இடாப்பு, பரீட்சைச் சான்றிதழ் என்று திருத்த வேண்டிய இடங்கள் பெருகும்.

கடைக்கும் வள்ளத்துக்கும்

கடைக்கு இந்தப் பெயரை வைக்கும்போது புணர்ச்சியைக் கவனியுங்கள். மல்லிகை, முல்லை என்று 'ஐ'யில் முடிந்தால் அடுத்து வரும் க, ச, த, ப மிகும்: மல்லிகைப் பூக்கடை, முல்லைத் தையலகம். மல்லிகா, யூதிகா என்று ஆள்பெயரானால் மிக வேண்டாம்: மல்லிகா ஸ்டோர்ஸ், யூதிகா பதிப்பகம். பலகை எழுதுபவர் இதைப் பார்க்க மாட்டார். தனியாள் வியாபாரமென்றால் வியாபாரப் பெயரைப் பதிவதும் பிரதேச செயலகத்தில்தான். மல்லிகா என்ற பெயரில் ஏற்கெனவே யாராவது இருப்பார்கள்; ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்து இரண்டு மூன்று தெரிவோடு போங்கள்.

வள்ளத்துக்குப் பெயர் வைப்பது உங்கள் விருப்பம். கடற்றொழில் திணைக்களத்தின் பதிவிலக்கம், கடைசியில் திருகோணமலைக்குரிய டி-சி-ஓ (TCO) எழுத்தோடு, தெளிவாகத் தெரிய வேண்டும். பெயரை அதற்கு ஒட்டிப் போடாதீர்கள். பைபர் வள்ளத்தில் பெயின்ற் உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலிருக்கும் மெழுகும் எண்ணெயும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவிட்டு, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, 220ஆம் இலக்க அரத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, பிறைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. ஒவ்வொரு கைக்கும் இடையில் டின்னில் போட்டிருக்கும் நேரத்துக்குக் காயவிடுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் மேல் தோல் மட்டும் காய்ந்து கொப்பளிக்கும். வாடை தொடங்க முன் முடிப்பது நல்லது.

எழுத்து 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மல்லிகையில் முதலில் அழிவது 'ல்'லின் புள்ளி. சின்னதாகப் போட்டால் ஒரு பருவத்திலேயே மறைந்து வள்ளம் 'மலலிகை' ஆகிவிடும். புள்ளியை எழுத்தின் கோட்டுத் தடிப்பைவிட ஒன்றரை மடங்கு அகலத்தில், நடுவெறுமையில்லாமல் நிறைத்துப் போடச் சொல்லுங்கள்.